வெயில் பெட்டியும் செல்லதுரையின் செருப்பும்

கொச்சி மட்டாஞ்சேரியில் எந்த வீட்டுக்குள்ளும் செருப்போடு நுழையும் உரிமை மூன்று பேருக்கு இருந்தது: போலீஸ்காரர், ஜப்தி செய்ய வரும் ஆமீன், வயர்மேன் செல்லதுரை. முதல் இரண்டு பேர் வந்துபோனால் பெண்கள் தண்ணீர் ஊற்றித் தரையைக் கழுவிவிடுவார்கள். செல்லதுரை வந்துபோனால் ஃபேன் சுற்றும். அதனால் அவர் மிதித்த தரையை யாரும் கழுவுவதில்லை.

நீல வார் போட்ட ரப்பர் செருப்பு. காலுக்கு ஒரு நம்பர் பெரியது. நடக்கும்போது குதிங்காலில் அடித்து 'சப்பு சப்பு' என்று கேட்கும். சந்தில் அவர் ஒருவர் வந்தாலும் இரண்டு பேர் வருவதுபோல இருக்கும். புதிதாகக் குடிவந்தவர்கள் எட்டிப்பார்த்து, "கூட வந்த ஆள் எங்க?" என்று கேட்டதுண்டு. பழைய ஆட்கள் கேட்பதில்லை. கூட வருகிற ஆள் யாரென்று அவர்களுக்குத் தெரியும்.

அது அவருடைய அண்ணன் வேலன். அண்ணனும் வயர்மேன்தான். எழுபத்து மூன்றாம் வருஷம் மாரியம்மன் கோயில் கொடைக்குத் தகரப் பந்தலில் சீரியல் பல்பு கட்டப் போனார். வைகாசிப் பாதியில் வர வேண்டிய இடவப்பாதி மழை முந்திக்கொண்டு வந்திருந்தது. கோயிலுக்குள் செருப்போடு ஏறினால் அம்மன் கோபித்துக்கொள்வாள் என்று வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு, ஈரக்காலோடு தகரத்தைப் பிடித்தார். அம்மன் கோபித்துக்கொள்ளவில்லை. கரண்டுக்கு அந்தப் பக்குவம் கிடையாது. ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவர் தம்பி செல்லதுரை. அவர் காலில் செருப்பு இருந்தது, கழற்ற மறந்திருந்தார். மறதிக்காரன் பிழைத்தான், பக்திமான் போய்விட்டான் என்று ஊர் சொல்லிற்று. ஊருக்கு எதையும் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும்.

காரியங்கள் முடிந்து செல்லதுரை கோயில் வாசலுக்குப் போனபோது, அவரவர் செருப்பை அவரவர் எடுத்துப் போயிருக்க, ஒரே ஒரு ஜோடி மழையில் ஊறிக் கிடந்தது. அதைப் போட்டுக்கொண்டு வந்தார். ஒரு நம்பர் பெரியது. அது தேய்ந்தபின் வாங்கியதெல்லாம் அதே நம்பர். கடைக்காரர் சிறியதை எடுத்துக் காட்டினால், "காலுக்கு வேண்டாம், செருப்புக்குக் குடு" என்பார். என்ன அர்த்தம் என்று கடைக்காரரும் கேட்கவில்லை.

அதன்பிறகு கோயிலுக்குள் அவர் போகவில்லை. கல்யாண வீட்டில் பந்திக்கு உட்கார மாட்டார். நின்றுகொண்டே சாயா குடித்துவிட்டு, மெயின் சுவிட்சை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விடுவார். பெண் கொடுக்க வந்த ஒருவர், "மாப்பிள்ளை மணவறையில செருப்போட உட்காருவாரோ?" என்று கேட்டார். "உட்காருவேன்" என்றார் செல்லதுரை. அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

வேலையிலும் இப்படித்தான். மற்ற வயர்மேன்கள் டெஸ்டரால் தொட்டுப் பார்த்துவிட்டு வேலை தொடங்குவார்கள். இவர் முதலில் பிளக்கைப் பிடுங்குவார். பிறகு போர்டில் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார், வேறு யாரும் தெரியாமல் மாட்டிவிடாதபடிக்கு. பல தடவை அதைப் பையிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறார். "வேலை முடிச்சாச்சு, வெளிச்சத்தைக் கொண்டுபோயிட்டான்" என்று இருட்டில் உட்கார்ந்து திட்டுவார்கள். ஆனாலும் மறுபடி கூப்பிடுவார்கள். அவர் கை வைத்த வீட்டில் யாருக்கும் ஷாக் அடித்ததில்லை.

இப்படிப்பட்டவரைத் தேடித்தான் அந்தப் பெட்டி கப்பலேறி வந்தது.

தங்கப்பன், வில்லிங்டன் தீவில் ஒரு கப்பல் கம்பெனித் துரையின் பங்களாவில் குசினிக்காரர். துரையின் சம்சாரம், மதாம்மா, இங்கிலாந்திலிருந்து வரும்போது ஒரு படுக்கையைக் கொண்டுவந்திருந்தாள். கட்டில் நீளம். அடியில் வரிசையாக ட்யூப் லைட், மேலே கண்ணாடிபோல ஒரு பலகை. அதன்மேல் படுத்துக்கொள்ள வேண்டும். மூடி ஒன்று உண்டு, அதிலும் ட்யூப் லைட். மூடியை இறக்கிப் பட்டனை அமுக்கினால் ஊதா வெளிச்சம் உடம்பைச் சுற்றிலும் அடிக்கும். சில நாளில் தோல் வெயிலில் காய்ந்ததுபோலக் கறுக்கும்.

கொச்சிக்கு வந்த ஒருத்தி வெயிலைப் பெட்டியில் அடைத்து எடுத்துவந்தது ஏன் என்று கேட்கலாம். தங்கப்பனும் கேட்டார். "மழை, தங்கப்பன், மழை" என்றாளாம் மதாம்மா. ஊர் முழுக்கப் பெண்கள் வெளுப்பதற்குக் களிம்பு பூசிக்கொண்டிருந்த காலத்தில், கறுப்பதற்கென்று கரண்ட் செலவழித்த ஒரே ஜீவன் அவள்தான். துரைக்கு மாற்றலானபோது சாமான்களைப் பிரித்துக் கொடுத்தார்கள். டிரைவர் ரேடியோகிராம் கேட்டார், தோட்டக்காரன் நாற்காலி கேட்டான். தங்கப்பன், "எனக்கு அந்த வெயில் பெட்டி மதி, அது போதும்" என்றார். மதாம்மா அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கொடுத்தாளாம்.

தங்கப்பனுக்கு ஒரு மகள், சந்தனமாரி. கல்யாண வயது வந்த நேரத்தில் வாயோரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. பிறகு கைகளில், புறங்கை முழுக்க. டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்து, தினமும் கொஞ்ச நேரம் வெயில் காட்டச் சொன்னார். தொட்டால் ஒட்டாது என்றும் சொன்னார். அம்மா பேச்சியம்மாள் மாத்திரை விஷயத்தில் டாக்டரை நம்பினாள். ஒட்டாது என்பதை மட்டும் நம்பவில்லை. மகளுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், தனிச் சீப்பு. சோற்றைக் கரண்டியால் உயரத்திலிருந்து போடுவாள். பாசம் இல்லாமலில்லை. நல்ல மீன் துண்டாகத்தான் போடுவாள், உயரத்திலிருந்து.

மட்டாஞ்சேரிச் சந்தில் வெயில் வேண்டுமென்றால் தெருவில் நிற்க வேண்டும். தெருவில் நின்றால் தெரு பார்க்கும். சந்தனமாரி ஒரு நாள் நின்றாள். எதிர்வீட்டுக்காரி தன் குழந்தையை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். அதன்பின் சந்தனமாரி வெயிலுக்கு வரவில்லை. பெட்டி வீட்டுக்குள் வந்தால் வெயில் அவளிடம் வரும் என்பது தங்கப்பனின் கணக்கு. டாக்டரிடம் கேட்டதற்கு, "நான் சரின்னும் சொல்லலை, வேண்டாம்னும் சொல்லலை. கண்ணை மூடிக்கச் சொல்லு, கொஞ்ச நேரத்துக்கு மேல வேண்டாம்" என்றார். டாக்டர்களுக்கென்று ஒரு பாஷை உண்டு.

பெட்டி படகு ஜெட்டியில் இறங்கி, துணி போர்த்தி, நாலு பேர் தோளில் ஏறி பஜார் வழியாக வந்தது. மிளகுக் கடை வாசலில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒருவர் பீடியை மறைத்துக்கொண்டார். சாயாக்கடை நாணு இறங்கி வந்து, யார் செத்தது என்று மெதுவாகக் கேட்டார்:

"தங்கப்பன் சேட்டா, ஆரா மரிச்சது?"

"ஆரும் மரிச்சில்ல. இது வெயிலு."

நாணு கடைக்குத் திரும்பிப் போய், "பாவம், துக்கத்தில என்னமோ பேசறார்" என்றார்.

வீட்டில் உள்ளறையில்தான் இடம். வைத்ததும் பேச்சியம்மாள் வந்து பார்த்தாள். தலைமாடு வடக்கே இருந்தது.

"வடக்கே தலை வச்சுப் படுக்கறது பொணம்தான். திருப்புங்க."

திருப்பினார்கள். இப்போது பெட்டியின் வயர் சுவரிலிருந்த பிளக்குக்கு எட்டவில்லை. தங்கப்பன், "நான் பாத்துக்கிறேன்" என்றார். மறுநாள் வயர் எட்டிற்று. எப்படி எட்டியது என்று அன்று யாரும் கேட்கவில்லை. சுவரோரம் இரும்புப் பெட்டிக்குப் பின்னால் அது ஓடி மறைந்திருந்தது.

சந்தனமாரி தினமும் மத்தியானம் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, மதாம்மா விட்டுப்போன சின்னக் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பெட்டிக்குள் படுத்தாள். மழை தொடங்கியபோது அவள் வாயோர வெள்ளைக்குள் கடுகு கடுகாய்ப் பழுப்புப் பொட்டுகள் விழுந்தன. கண்ணாடியில் அதைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். சிரித்தால் வாயோரம் நன்றாகத் தெரியும் என்று, நிறுத்தியிருந்த சிரிப்பு அது.

அந்த நேரத்தில்தான் பேச்சியம்மாள் மதாம்மாவைப் பார்த்தாள்.

தரை துடைத்துக்கொண்டிருந்தாள். பெட்டி மூடிக் கிடந்தது, பட்டன் அணைந்திருந்தது. எழுந்திருக்க ஊன்றி, மூடியின் அலுமினிய விளிம்பைப் பிடித்தாள். விரலில் சுருக்கென்றது. மூடி இடுக்கில் ஊதா வெளிச்சம் மெதுவாகக் கண்ணைத் திறந்தது. கையை எடுத்தாள், மூடிக்கொண்டது. மறுபடி தொட்டாள், திறந்தது. மூன்றாவது தடவை தொட அவள் அங்கே இல்லை, தெருவில் இருந்தாள்.

அதே வாரம் கம்பெனி டிரைவர் ஒரு சேதி கொண்டுவந்தார். ஊருக்குப் போன மதாம்மா காய்ச்சலில் இறந்துவிட்டாள்.

இரண்டையும் சேர்த்துப் பார்க்கப் பெரிய படிப்பு வேண்டாம்.

"ஆசை விடலை அவளுக்கு. பெட்டியைத் தேடி வந்திருக்கா" என்றாள் பேச்சியம்மாள்.

சந்தனமாரி அதுவரை சொல்லாத ஒன்றை அன்றைக்குச் சொன்னாள். "எனக்குத் தெரியும்மா. படுக்கறதுக்கு முன்னால விளிம்பைப் பிடிச்சுட்டு, ஒரு காலைத் தரையில வச்சு உக்காருவேன். யாரோ விரல்நுனியால புறங்கையைத் தடவுற மாதிரி இருக்கும். தெனமும்."

"தெனமுமா? ஏன்டி சொல்லலை?"

"சொன்னா பெட்டியை எடுத்துருவீங்க."

அவள் பயந்தபடியேதான் ஆயிற்று. இடக்கொச்சியிலிருந்து வெங்கிட்டு மந்திரவாதி வந்தார். பெட்டியைத் தூரத்தில் நின்று பார்த்தார், தொடவில்லை. வெள்ளிக்கிழமை பெட்டியை உடைத்துக் காயலில் அமிழ்த்த வேண்டும் என்றார். "வெள்ளைக்காரி, நம்ம மந்திரம் அவளுக்குப் புரியாது. தண்ணிதான் வழி."

சந்தனமாரி அழவில்லை. அப்பாவைப் பார்த்து, "வாயோரம் கறுத்துட்டு வருதுப்பா. கை இன்னும் தொடங்கவே இல்ல" என்றாள். தங்கப்பன் குடையை எடுத்துக்கொண்டு செல்லதுரையைக் கூப்பிடப் போனார்.

சப்பு சப்பு என்று செல்லதுரை வந்தார். பிளக்கைப் பிடுங்கினார். ஃபியூஸ் கட்டை பைக்குப் போனது. பெட்டியைத் திறந்து, ட்யூப்பைக் கழற்றி, ஸ்டார்ட்டரை மாற்றி, சோக்கைத் தட்டிப் பார்த்து, ஹோல்டரில் பூத்திருந்த பச்சையைச் சுரண்டினார். கடற்காற்று எதையும் சும்மா விடாது. எல்லாம் மாட்டி, ஃபியூஸைப் போட்டு, தள்ளி நின்று பட்டனை அமுக்கச் சொன்னார். ஊதா வெளிச்சம் அறை முழுக்க நிறைந்தது. டெஸ்டரை விளிம்பில் வைத்துப் பார்த்தார். அந்த வெளிச்சத்தில் டெஸ்டர் எரிகிறதா இல்லையா என்று தெரியவில்லை. அணைத்தார். அணைத்தவுடன் பழக்கப்படி பிளக்கையும் பிடுங்கினார். பிறகு விளிம்பைத் தொட்டார். ஒன்றுமில்லை.

"வயர் எப்படி? ஜாயின்ட் ஏதும் உண்டா?"

"வந்தபடியே இருக்கு" என்றார் தங்கப்பன், சுவரைப் பார்த்து. முன்பு ஒருமுறை ரேடியோவைத் திறந்து அதன் வாயை நிரந்தரமாக அடைத்தவர் அவர். அன்றிலிருந்து கரண்ட் சாமானில் கை வைக்கக்கூடாதென்று பேச்சியம்மாளின் உத்தரவு. உத்தரவு கேட்கும் தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தது.

செல்லதுரை போனதும் பேச்சியம்மாள் பிளக்கை மாட்டினாள், துணிச்சலை வரவழைத்துக்கொண்டு விளிம்பைத் தொட்டாள். ஊதா வெளிச்சம். மறுபடி அவரைக் கூப்பிட்டார்கள். மறுபடி வந்தார், மறுபடி பிளக்கைப் பிடுங்கினார், மறுபடி ஒன்றுமில்லை.

"உன்னைக் கண்டா ஒளிஞ்சுக்கறா தம்பி" என்றாள் பேச்சியம்மாள். "வெள்ளைக்காரியில்லையா. செருப்புக் காலோட வர்ற ஆம்பளைன்னா அவளுக்கு மரியாதை."

செல்லதுரை சிரிக்கவில்லை. ஒளிந்துகொள்கிறவர்களை அவருக்குத் தெரியும். அண்ணன் இறந்த பிறகு எத்தனையோ தடவை சந்தில் நின்று சடாரென்று திரும்பிப் பார்த்திருக்கிறார். திரும்பினால் சத்தம் நின்றுவிடும். தான் நின்றதால் நின்றதா, கூட வந்தவரும் நின்றதால் நின்றதா என்பது அவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி இல்லை.

வியாழக்கிழமை மத்தியானம், யாரும் கூப்பிடாமல் மூன்றாவது தடவை வந்தார். கர்க்கடக மாசத்து மழை ஓட்டில் இறங்கிக்கொண்டிருந்தது. பகலிலேயே அறை இருட்டு. மறுநாளைக்கென்று வாசலில் கயிறும் மூங்கிலும் தயாராக இருந்தன. சந்தனமாரி பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள், காவல் காப்பதுபோல.

"அக்கா, நான் எதையும் தொடலை. நீங்க அன்னிக்கு என்ன பண்ணீங்களோ அதே மாதிரி பண்ணிக் காட்டுங்க" என்றார் செல்லதுரை பேச்சியம்மாளிடம்.

பிளக் மாட்டியிருந்தது. பட்டன் அணைந்திருந்தது. பேச்சியம்மாள் ஈரத்துணியால் தரையை ஒரு இழுப்பு இழுத்தாள். அம்மன் பேரைச் சொல்லிக்கொண்டே ஒற்றை விரலை நீட்டினாள். செல்லதுரை அவள் காலைப் பார்த்தார். வெறுங்கால், ஈரம்.

"தொடாதீங்க!"

தொட்டுவிட்டாள். இடுக்கில் ஊதா விழித்தது. அவர் கத்திய கத்தலில் கையைப் பிடுங்கிக்கொண்டாள்.

"பாத்தியா? இப்ப நீ தொடு."

அவர் தொட்டார். இருட்டு அப்படியே இருந்தது. ரப்பர் செருப்பின்மேல் நின்றுகொண்டு, இதுவரை எதைத் தேடினோம் என்று அவருக்கே வெட்கமாகிவிட்டது. இந்த வீட்டில் அணைப்பது என்றால் பட்டனை அமுக்குவது. அவருக்கு அணைப்பது என்றால் பிளக்கைப் பிடுங்குவது. நோயாளியைப் பார்க்க வந்து, வந்தவுடன் கழுத்தை நெரித்துவிட்டு, மூச்சு சரியாக இல்லையே என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"அக்கா, இது பேயில்லை. வயரை எங்கயோ மாத்திக் குடுத்திருக்கு. பட்டனை அணைச்சா கரண்ட் வெளிய போற வாசல்தான் அடையுது. உள்ள வர்ற வாசல் தொறந்தே கெடக்கு. அது உள்ளயே காத்துட்டு நிக்குது. வெறுங்காலோட யாராவது தொட்டா அவங்க வழியா மண்ணுக்கு எறங்கப் பாக்குது."

"அதைத்தானே நானும் சொல்றேன். உள்ளயே காத்துட்டு நிக்கறா."

"அவ இல்லை அக்கா, கரண்டு!"

"கரண்டுன்னா ஆளு பாத்தா அடிக்கும்? எனக்கு எரியுது, அவளுக்கு எரியுது, உனக்கு எரியலை. உனக்கும் எரிஞ்சா ஒத்துக்கறேன். நாளைக்கு வர்றவங்களைத் திருப்பி அனுப்பறேன். செருப்பைக் கழட்டு."

அந்தச் சந்தில் யாரும் அவரிடம் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. சொல்லிவிட்டபின் பேச்சியம்மாளுக்கே நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. ஆனால் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

செல்லதுரை ஈரத் தரையைப் பார்த்தார். விளிம்பில் எவ்வளவு கசிகிறது என்று அவருக்குத் தெரியாது. அது பேச்சியம்மாளைச் சுருக்கென்று விட்டிருக்கிறது, தன்னையும் அப்படியே விடும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. வேலனைக்கூட அந்தத் தகரம் முதல் தடவை தொட்டபோது சும்மாதான் விட்டது.

"அண்ணா, வேண்டாம்" என்றாள் சந்தனமாரி. "காயல்லயே போடட்டும். எனக்கு வாயோரம் கறுத்தது போதும். கையை முந்தானைக்குள்ள வச்சுக்கலாம்."

அவள் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் அவர் போயிருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இடது செருப்பைக் கழற்றினார். பிறகு வலது. இரண்டையும் சேர்த்து, கோயில் வாசலில் வைப்பதுபோல ஒழுங்காக வைத்தார். தரை ஜில்லென்று உள்ளங்காலைப் பிடித்துக்கொண்டது. இடது கையைப் பைக்குள் போட்டுக்கொண்டார். கரண்டுக்கு இரண்டு கையையும் கொடுக்கக்கூடாது என்பது வேலன் சொல்லிக் கொடுத்தது. வலது கையைத் திருப்பி, புறங்கையை விளிம்பில் வைத்தார்.

ஊதா வெளிச்சம் திறந்தது.

முழங்கை வரை முடி எழுந்து நின்றது. உதறவில்லை, இழுக்கவில்லை. தூங்குகிறானா என்று தெரிந்துகொள்ள ஒருவர் மெதுவாகத் தடவிப் பார்ப்பதுபோல இருந்தது. கையை எடுத்துக்கொள்ள வேண்டிய நேரம் வந்து, தாண்டியும் போயிற்று. அவர் எடுக்கவில்லை. அந்த ஊதாவில் அவர் உதடு அசைந்ததாகவும், "அண்ணாச்சி" என்று சொன்னதாகவும் பேச்சியம்மாள் பிறகு ஊரெல்லாம் சொன்னாள். பேச்சியம்மாள் சொல்வதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. நம்பாமலிருக்கவும் வழி தெரியவில்லை.

கையை எடுத்தார். இருட்டு.

"எரிஞ்சுதா?"

"எரிஞ்சுது" என்றாள் பேச்சியம்மாள். குரல் இறங்கியிருந்தது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வெறுங்காலோடேயே இரும்புப் பெட்டியை இழுத்து, வயரைக் கையால் தடவிக்கொண்டே போனார். சுவர் மூலையில் அது கிடந்தது. பெட்டியின் தடித்த வயரோடு பழைய மேசை ஃபேனின் மெல்லிய வயர் முறுக்கி, மேலே காயத்துக்குப் போடும் பிளாஸ்டர் சுற்றியிருந்தது. பெட்டியின் வயரில் மூன்று இழை. ஃபேன் வயரில் இரண்டு. மூன்றாவது, கசிவை மண்ணுக்கு இறக்குகிற பச்சையும் மஞ்சளும், ஒட்ட நறுக்கப்பட்டு மொட்டையாக நின்றது. மீதி இரண்டும் இடம் மாறியிருந்தன.

"தங்கப்பண்ணே."

தங்கப்பன் நிலைப்படியில் நின்று, "பச்சை எதுக்கும் உதவலை. அது இல்லாமலும் எரிஞ்சுதே" என்றார்.

"நீங்களா!" என்றாள் பேச்சியம்மாள்.

"வடக்கே தலை வைக்கக்கூடாதுன்னது யாரு? நீ திருப்பினே, வயர் எட்டலை. நான் என்ன, கொச்சியைத் திருப்பி வைக்கவா?"

"பொணத்துக்கு ஆகாதுன்னு சொன்னேன். அதுக்காகப் பெத்த பொண்ணையே பொணமாக்கப் பாத்தீங்களா?"

சொன்ன பிறகுதான் இருவருக்கும் அந்த வார்த்தையின் கனம் தெரிந்தது.

செல்லதுரை புது வயர் போட்டார். கிணற்றடியில் எர்த்துக்கென்று குழி தோண்டி, குழாயை இறக்கி, உப்பும் அடுப்புக்கரியும் கொட்டி மூடி, பச்சை வயரை அதில் கட்டினார். குடையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்த பேச்சியம்மாளுக்கு அப்போதுதான் பாதி நிம்மதி வந்தது. உப்பு, கரி, குழி. வெங்கிட்டு மந்திரவாதி செய்திருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார், கூட ஒரு கோழி கேட்டிருப்பார்.

மழை விட்டதும் சந்தனமாரி பெட்டியோரம் உட்கார்ந்தாள். ஒரு காலைத் தரையில் வைத்து விளிம்பைப் பிடித்தாள். காத்திருந்தாள். கையை நகர்த்தி வேறு இடத்தில் பிடித்தாள். அவள் முகம் போன விதத்தைப் பார்த்து செல்லதுரை பதறிப்போனார்.

"அடிக்குதாம்மா?"

"இல்லண்ணா. வரலை."

"வராது. இனிமே வராது."

"தெரியுது." புறங்கையின் வெள்ளையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "இந்தக் கை வெளுத்த பிறகு அதை யாரும் தொட்டதில்ல. அவ ஒருத்திதான் தொட்டா."

"அது கரண்டும்மா."

"தொட்டுதுல்ல."

வயர்மேன் பழுதை எடுத்துவிட்டார். எடுத்த பழுதை இவ்வளவு ஏக்கமாகக் கேட்ட வாடிக்கையாளரை அவர் பார்த்ததில்லை. குறட்டையும் டெஸ்டரையும் பைக்குள் போட்டார். மறுபடி வெளியே எடுத்தார். பிறகு முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு கூப்பிட்டார்:

"பேச்சியக்கா, இங்க வாங்க. ஒரு டெஸ்ட் பாக்கி."

"எரியலையே, இன்னும் என்ன?"

"இது இங்கிலீஷ் சாமான். ஒராளு தொட்டுப் பாத்தா நிச்சயமில்ல. ரெண்டாளு வேணும். உங்க வலது கையால விளிம்பைப் பிடிங்க. இடது கையால இவ கையைப் பிடிங்க. கரண்ட் மிச்சம் இருந்தா ரெண்டு பேருக்கும் தெரியும்."

"அவ கையையா? நீ பிடியேன்."

"நான் செருப்புப் போடப் போறேன், எனக்குத் தெரியாது. வெறுங்கால் ஆளுதான் வேணும். இஷ்டமில்லைன்னா விடுங்க, நாளைக்குக் கயிறும் மூங்கிலும் இருக்கே."

அப்படி ஒரு டெஸ்ட் உலகத்தில் எங்கும் கிடையாது. தங்கப்பனுக்குச் சந்தேகம் வந்து வாயைத் திறந்தார். செல்லதுரை அவரைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

பேச்சியம்மாள் விளிம்பைப் பிடித்தாள். இடது கையை முந்தானையில் துடைத்தாள். மறுபடி துடைத்தாள். பிறகு மகளின் கையைப் பிடித்தாள், சூடான பாத்திரத்தைப் பிடிப்பதுபோல நுனிவிரலால்.

"அப்படிப் பிடிச்சா தெரியாது அக்கா. முழுசாப் பிடிக்கணும்."

முழுசாகப் பிடித்தாள்.

"அடிக்குதா?"

பேச்சியம்மாள் பிடியை விடவில்லை. சந்தனமாரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"தெனமும் படுக்கறதுக்கு முன்னால இதைச் செஞ்சு பாக்கணும். செய்யாம படுத்தா நான் ஜவாப்தாரி இல்ல" என்று சொல்லிவிட்டு செல்லதுரை செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

சந்தனமாரிக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். வாயோரம் கறுத்தது. கைகள் பாதி கறுத்து, பாதி பிடிவாதமாக நின்றுவிட்டன. ஒரு கட்டத்தில் டாக்டர், "போதும், நிறுத்து" என்றார். அந்த ஒரு தடவை தெளிவாகவே சொன்னார். பெட்டி மூலைக்குப் போயிற்று. அவள் புள்ளிக் கையோடேயே ஜெட்டிப் பக்கம் ஒரு தையல் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள், வெயிலில் நடந்து போய் வந்தாள். தனித் தட்டு, தனி டம்ளர் எப்போது மறைந்தன என்று அந்த வீட்டில் யாருக்கும் ஞாபகமில்லை. பெட்டி மூலைக்குப் போன பிறகும் டெஸ்ட் மட்டும் நிற்கவில்லை.

ஒரு நாள் பேச்சியம்மாள் செல்லதுரையைச் சந்தில் மறித்தாள்.

"தம்பி, இன்னும் கொஞ்சம் கரண்ட் மிச்சம் இருக்கு. அவ கையைப் பிடிச்சா சுருக்குன்னுது."

அவர் வந்தார். பிளக்கை மாட்டினார், பிடுங்கினார், டெஸ்டர் வைத்தார், கிணற்றடிக் குழிக்குத் தண்ணீர் ஊற்றினார். பெட்டியில் ஒரு பொட்டுக் கசிவு இல்லை.

"இப்பவும் சுருக்குன்னுதா?"

"ஆமா தம்பி. இங்க" என்று நெஞ்சுக்கும் தோளுக்கும் நடுவில் எங்கோ காட்டினாள்.

"இருக்கட்டும். அது ஆளை அடிக்காது" என்றார்.

வந்தபோது செருப்பைப் படியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். மட்டாஞ்சேரியில் அவர் செருப்பு வெளியே நின்ற ஒரே வீடு அதுதான். திரும்ப நிலைப்படியைத் தாண்டும்போது சந்தனமாரி பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

"அண்ணா, ஒண்ணு கேக்கட்டா? நீங்க வெறுங்காலோட நடந்தாலும் சப்பு சப்புன்னு கேக்குது. உங்களுக்குக் கேக்கலையா?"

செல்லதுரை நின்றார். இந்தத் தடவை திரும்பிப் பார்க்கவில்லை.

"கேக்கும்" என்றார். "கேட்டுட்டுப் போகட்டும்."